கோல்கீப்பர் பிள்ளையின் ஸ்கேட்டுக்கு எந்தச் சாணை? ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆடியில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, மகனின் ஐஸ் ஹாக்கி ஸ்கேட் பிளேடு இரண்டையும், அதாவது ஐஸில் சறுக்குகிற பூட்ஸின் அடியில் இருக்கும் இரும்பை, நானே கெடுத்தேன். தெருவில் சைக்கிள் சாணைக்காரர் வந்தார். பெடலை மிதித்தால் கல் சுற்றும், அந்த மாதிரி வண்டி. அம்மா தன் அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டு, "ஏப்பா, பிள்ளையோட சறுக்குச் செருப்பும் மொட்டையாப் போச்சுன்னியே, இதையும் கொடுத்துப் பாரேன்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சாணைக்காரர் பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, மீன் வெட்டுறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவர் மேல் தப்பே இல்லை. கத்திக்குச் செய்வதை இதற்கும் சுத்தமாகச் செய்து தந்தார். பக்கவாட்டில் தேய்த்து, நடுவில் ஒற்றை முனையாகக் கொண்டுவந்துவிட்டார். ஸ்கேட்டுக்கு அது நேர் எதிர். போதாததற்கு நுனியில் ஓரிடம் சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. நீலம் ஏறிய இரும்பில் பதம் போய்விடும், பிறகு அங்கே கூர் நிற்காது. டொரண்டோ திரும்பியதும் 120 டாலர் கொடுத்துப் புது ஜோடி வாங்கினேன். அதற்குப் பிறகுதான், கோல்கீப்பருக்கு என்ன சாணை பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன், ஸ்கேட் கடைகளில் கேட்டேன், பையனை வைத்துச் சோதித்தேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ராமேஸ்வரம் என்று நம் கரையிலிருந்து போய்க் குளிர் நாடுகளில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பிள்ளை பள்ளியில் ஹாக்கி சேர்ந்து, கோல் நிற்கிறேன் என்று அடம்பிடித்தால் நமக்கு ஒன்றும் புரியாது. அவர்களுக்குத்தான் இது.

1. பிளேடைத் திருப்பிப் பாருங்கள்

ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பிளேடின் அடிப்பக்கம் கத்தி மாதிரி முனையாக இருக்காது. நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடும். அந்த வாய்க்காலின் இரண்டு கரைதான் கூர். ஐஸைப் பிடிப்பதும் அதுதான். சாணை பிடிப்பது என்றால் இந்த வாய்க்காலைத் திரும்பத் தோண்டுவது. பக்கவாட்டில் கல் படவே கூடாது. கடையில் இந்தக் குழிவை 'ஹாலோ' என்பார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் நான் செய்ததைச் செய்யுங்கள். படகுக்கு ஐஸ் ஏற்றும் கம்பெனியிலிருந்து பார் ஐஸில் ஒரு துண்டு வாங்கி வந்து திண்ணையில் வைத்தோம். மகன் தன் நண்பனிடமிருந்து கொண்டுவந்திருந்த ஒரு நல்ல பிளேடைக் கையால் அழுத்தி ஐஸ் மேல் இழுத்தான். தண்டவாளம் போல மெல்லிய இரண்டு கோடு விழுந்தது. அப்புறம் நான் கெடுத்த பிளேடை இழுத்தான். நடுவில் ஒரே கீறல். "பாத்தியாப்பா, இதுல நின்னா கால் ரெண்டு பக்கமும் ஆடும்" என்றான். அம்மாவுக்குக்கூட அந்த நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிட்டது.

2. எண்ணைத் தலைகீழாகப் படிக்கப் பழகுங்கள்

குழிவின் அளவை அங்குலத்தில், பின்னமாகச் சொல்வார்கள்: 3/8, 1/2, 5/8, 3/4, 1. இது குழியின் ஆழம் இல்லை. அந்தக் குழிவை ஒரு வட்டத்தின் துண்டாக நினைத்தால், அந்த வட்டத்தின் ஆரம். வட்டம் சின்னதாக ஆக வளைவு கூடும், குழி ஆழமாகும், கரை கூராகும். ஆக, எண் குறைந்தால் கூர் கூடும். 3/8 மிகக் கூர், 1 மிக மொட்டை.

நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் குறுக்களவு. அதன் விளிம்பு வளைவு ஏறக்குறைய 1/2 அங்குலச் சாணையின் வளைவு. கையில் வைத்துப் பார்த்தால் மனதில் பதியும்.

புதிதாக வருகிற எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான். "இன்னும் கொஞ்சம் கூராக வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு கடையில் 5/8-இலிருந்து 3/4-க்கு மாற்றச் சொல்லிவிட்டு வருவார்கள். நானும் ஒருமுறை சொன்னேன். அன்றைக்குப் பையன் கோலுக்கு முன்னால் விழுந்து எழுந்தே களைத்துப் போனான்.

3. தடிமனை அளந்து பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மற்ற ஆட்டக்காரர்களின் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். கோல்கீப்பர் பிளேடு வழக்கமாக 4. கோல்கீப்பருக்கும் 3 மில்லிமீட்டர் பிளேடு வருகிறது, அதனால் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்றால், வரும். ஒரே வளைவை அகலமான பிளேடில் தோண்டினால் குழி ஆழமாக இறங்கும். 1/2 அங்குலச் சாணையை 3 மில்லிமீட்டர் பிளேடில் பிடித்தால் குழியின் ஆழம் சுமார் 0.09 மில்லிமீட்டர். அதே சாணை 4 மில்லிமீட்டர் பிளேடில் 0.16. நோட்டுத் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசம். 4 மில்லிமீட்டரில் 3/4 பிடித்தால் ஒரு தாள், 3/8 பிடித்தால் இரண்டு தாள். இவ்வளவு பேச்சும் இந்த ஒரு தாள் கனத்துக்குத்தான். ஆனால் முழங்காலில் விழுந்த பிள்ளை உதைத்து எழும்போது அந்த ஒரு தாள்தான் பிடிக்கிறது.

அதனால் பக்கத்து வீட்டு ஃபார்வர்ட் பையன் 1/2 பிடிக்கிறான் என்று நீங்களும் 1/2 கேட்டால், உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது அவனுடையதைவிட நிறையக் கூரானது. அவனுக்கு இருக்கிற ஆழம் உங்கள் பிளேடில் வர வேண்டுமானால் கிட்டத்தட்ட 7/8 பிடிக்க வேண்டும்.

4. தொடங்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

கோல்கீப்பர் என்றால் மொட்டையாக இருக்க வேண்டும், 3/4 அல்லது 1 பிடி, அப்போதுதான் பக்கவாட்டில் வழுக்கிப் போகலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நின்றபடியே பந்தை, மன்னிக்கவும், 'பக்' என்கிற ரப்பர் வட்டைத் தடுத்த காலத்துக்கு அது சரி. ஹாக்கி என்றதும் கைக்குப் பந்துதான் வருகிறது, என்ன செய்ய.

இப்போது பெரும்பாலான பிள்ளைகள் பட்டாம்பூச்சி முறையில் ஆடுகிறார்கள். இரண்டு முழங்காலையும் கீழே போட்டு, கால்களை இருபுறமும் விரித்துக் கோலின் அடிப்பகுதியை மூடுவது. அந்த நிலையில் சறுக்குவது காலில் கட்டிய பேட், பிளேடு இல்லை. பிளேடுக்கு அங்கே ஒரே வேலை: ஒரு காலை ஊன்றி, உள்பக்கக் கரையால் ஐஸைக் கவ்வி, உடம்பை அடுத்த கம்பம் வரை தள்ளுவது. கரை மொட்டையாக இருந்தால் கால் பின்னால் வழுக்கிவிடும், உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் இப்போது கோல்கீப்பர்களும் 1/2, சிலர் 3/8 வரை இறங்கிவிட்டார்கள்.

உங்கள் பிள்ளைக்கு எது என்று முடிவு செய்ய மூன்றைப் பாருங்கள்.

உடல் எடை. கனமான ஆள் நின்றாலே கரை ஐஸுக்குள் இறங்கும், எலும்பும் தோலுமான பிள்ளைக்கு இறங்காது. எடை குறைவு என்றால் கூர் கூட வேண்டும்.

ஐஸ். நன்றாக உறைந்த கெட்டியான ஐஸுக்குக் கூர் கூட வேண்டும். மதியம் மூன்று ஆட்டம் முடிந்து தளர்ந்து கிடக்கிற ஐஸில் அதே கூர் தேவைக்கு மேல் ஆழமாகப் புதையும். நீங்கள் வழக்கமாகப் போகிற அரங்கத்தின் ஐஸ் எப்படி என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். உடனே சொல்வார்.

ஸ்கேட்டின் அமைப்பு. பழைய மாதிரி கோல்கீப்பர் ஸ்கேட்டில் பூட்ஸைச் சுற்றிக் கெட்டி பிளாஸ்டிக் கவசம் இருக்கும். காலை ரொம்பச் சாய்த்தால் அந்தக் கவசம் ஐஸில் இடித்துப் பிளேடைத் தூக்கிவிடும். கவசம் இல்லாத, உயரம் கூடிய புது மாதிரியில் இன்னும் சாய்க்கலாம், கரை நன்றாகப் பிடிக்கும். வாங்கும்போதே எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என் கணக்கு இது. 4 மில்லிமீட்டர் பிளேடு, 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1/2-இல் தொடங்கலாம். அதற்கு மேல் 5/8. வளர்ந்த, கனமான ஆளுக்கும், இந்த ஆட்டத்துக்கே புதிதாக வந்து பிளேடு மாட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறவருக்கும் 3/4. முதல் நாளே 3/8 வேண்டாம். பிடிப்பு அதிகமாகிப் பக்கவாட்டு நகர்வில் பிளேடு சிக்கினால் இடுப்பு மடிப்புத் தசைதான் இழுபடும். அந்த வலி லேசில் விடாது.

5. கடைக்கு எப்போது போவது, என்ன சொல்வது

கடையில் சாணைக் கல் பிளேடின் நீளவாக்கில் ஓடும். அந்தக் கல்லின் விளிம்பை முதலில் வைர முனையால் வேண்டிய வளைவுக்குச் சீவிக்கொள்வார்கள். கல்லில் என்ன வளைவோ, அதுதான் உங்கள் பிளேடில் இறங்கும். ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் கேட்பது 1/2-உம் 5/8-உம். உங்களுக்கு 3/4 வேண்டுமென்றால் கல்லை மறுபடி சீவ வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது ஜோடி வரிசையில் காத்திருக்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? செவ்வாய், புதன் பகலில் போங்கள். சனிக்கிழமை ஆட்டம் என்றால் வியாழன் பயிற்சிக்கு முன்பே சாணை முடிந்திருக்க வேண்டும். புதுச் சாணையோடு நேரே ஆட்டத்துக்குப் போகாதீர்கள்.

வாயால் சொல்வது போதாது. "கோல்கீப்பர் ஸ்கேட், 4 மில்லிமீட்டர், 1/2 அங்குலம், பழைய சாணை 5/8, நீள வளைவைத் தொட வேண்டாம்" என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்கேட்டுக்குள் போட்டுக் கொடுங்கள். கடைசி வாசகம் முக்கியம். கோல்கீப்பர் பிளேடு நுனியிலிருந்து குதிகால் வரை தட்டையாக இருக்கும், வளைவின் ஆரம் 28, 30 அடி என்று வரும். மற்ற ஆட்டக்காரர்களுடையது 9-இலிருந்து 13 அடி வரை, தொட்டில் மாதிரி வளைந்திருக்கும். கவனமில்லாமல் நுனியிலும் குதிகாலிலும் கூடுதலாகத் தேய்த்தால் உங்கள் தட்டைப் பிளேடும் தொட்டிலாகிவிடும், பிள்ளை கோலில் நிலையாக நிற்க முடியாது.

புது ஸ்கேட் பெரும்பாலும் சாணை பிடிக்காமலேதான் பெட்டியில் வரும். முதல் நாள் அப்படியே மாட்டி இறக்கிவிட்டு, பிள்ளைக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள்.

சில கடைகளில் 100/50, 90/75 என்று இரட்டை எண்ணாகக் கேட்பார்கள். அது குழியின் நடுவைத் தட்டையாக விடுகிற வேறு முறை. கெட்டதில்லை. ஆனால் ஒரே சீசனில் இரண்டு முறையையும் கலந்தால் எது சரிப்பட்டது என்றே தெரியாமல் போகும்.

6. கடையை விட்டு வெளியே வருமுன் சோதியுங்கள்

பத்து ரூபாய் நாணயத்தைப் பையில் வைத்திருங்கள். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு கரைகளின் மேலும் படும்படி நாணயத்தைப் படுக்க வையுங்கள். முன்னாலிருந்து கண்ணை ஒட்டிப் பார்த்தால் நாணயமும் பிளேடும் சரியான ஆங்கில 'T' போல நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கரை உயரம், மறு கரை தாழ்வு. நுனி, நடு, குதிகால் என்று மூன்று இடத்தில் பாருங்கள். சாய்ந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம் நகத்தின் மேற்பரப்பைக் கரையில் குறுக்காக லேசாக இழுங்கள். இரண்டு கரையிலும் மெல்லிய தூள் சீவி வர வேண்டும். விரல் சதையை வைத்துப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் தடவும்போது சொரசொரவென்று இருந்தால் பிசிறு எடுக்கவில்லை என்று அர்த்தம். சின்னக் கல்லால் இரண்டு இழுப்பு இழுத்துத் தரச் சொல்லுங்கள்.

7. ஒரு நேரத்தில் ஒரு படி

இரண்டு மூன்று பயிற்சிக்குப் பிறகுதான் முடிவு எடுங்கள். முதல் நாள் எல்லாப் பிள்ளையும் "மாட்டுதுப்பா" என்றுதான் சொல்லும்.

தள்ளும்போது ஊன்றிய கால் வழுக்கினால் ஒரு படி கூராக, 5/8-இலிருந்து 1/2. சின்னச் சின்ன அடியாகப் பக்கவாட்டில் நகரும்போது பிளேடு டடடடவென்று அதிர்ந்தால் ஒரு படி மொட்டையாக. ஒரு கால் மட்டும் வழுக்கினால் எண்ணை மாற்றாதீர்கள். அந்தப் பிளேடின் உள்பக்கக் கரை கோல் கம்பத்தில் இடித்து மழுங்கியிருக்கும். எங்கள் வீட்டில் பாதிச் சாணை கம்பத்தில் இடித்ததற்கே போகிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், எங்களுக்கு ஐந்தாறு மணி நேர ஆட்டத்துக்கு ஒன்று என்று வருகிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம். அட்டையில் தேதி குறித்து வந்தால் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

8. ஊருக்கு வரும்போது

நான் இரண்டாவதாகச் செய்த தப்பு இது. ஸ்கேட்டை நடக்கும்போது மாட்டுகிற பிளாஸ்டிக் உறையோடேயே பையில் போட்டு, மண்டபத்து வீட்டில் ஜன்னலோரம் வைத்தேன். ஆடியில் கச்சான் காற்று தென்கடலிலிருந்து உப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து போடும். ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். இரண்டு வாரத்தில் பிளேடின் கரையெங்கும் ஆரஞ்சுப் புள்ளி. துருப்பிடிக்காத எஃகு என்று பெட்டியில் போட்டிருந்தது, நம் கடற்காற்றுக்கு அது தெரியாது போல. அதனால்தான் அம்மாவிடம் "மொட்டையாகிவிட்டது" என்று சொன்னேன், மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

முதல் யோசனை: ஸ்கேட்டையே கொண்டு வராதீர்கள். பூட்ஸ் காய்ந்து அங்கேயே இருக்கட்டும். உறவினருக்குக் காட்ட வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால், பிளேடைக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தால், பழைய பிளேடு ஜோடியை மாட்டிக் கொண்டு வாருங்கள்.

நல்ல பிளேடையே கொண்டு வந்தாக வேண்டும் என்றால், புறப்படும் முன் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை விரலால் மெல்லிசாகப் பூசி, உலர்ந்த துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும்தான். உள்ளே ஈரம் நின்றால் துரு நிச்சயம்.

விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் கூரான இரும்பைப் பார்த்தால் கேள்வி வரும், நேரம் போகும். பதிவுப் பெட்டியில் போடுங்கள். வாங்கிய பில்லைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய, சொந்தப் பொருள் என்று சுங்கத்தில் காட்டவும், பிளேடில் குறை இருந்தால் கடையில் மாற்றவும் அது உதவும். சாணை அட்டையையும் அதோடு படமெடுத்துவிடுங்கள்.

செப்டம்பரில் சீசன் தொடங்குகிறது என்றால் ஆகஸ்ட் நடுவில் திரும்பிவிடுங்கள். துரு இருந்தால் அதை எடுத்து, குழியைப் புதிதாகத் தோண்ட, வழக்கத்தைவிட நிறைய இரும்பை எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பழகிக்கொள்ள இரண்டு மூன்று பயிற்சியாவது வேண்டும்.

ஊரில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் சாணைக்குக் கொடுக்காதீர்கள். லேத் பட்டறை வைத்திருக்கிற சொந்தக்காரர் செய்து தருகிறேன் என்பார். அவர் கை சுத்தமான கைதான், ஆனால் வளைவு சீவிய கல்லும் பிளேடைக் கவ்வுகிற சட்டமும் இல்லாமல் அவராலும் முடியாது.

9. செலவு

டொரண்டோ பக்கம் ஒரு சாணைக்கு 10 டாலருக்கு முன்பின் ஆகிறது. மொத்தமாகப் பத்துச் சாணைக்குக் கார்டு வாங்கினால் சில கடைகளில் குறைத்துத் தருவார்கள். வாங்குமுன், கோல்கீப்பர் ஸ்கேட்டும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கி, ஒவ்வொரு முறையும் மேற்கொண்டு காசு கொடுத்தேன். வீட்டிலேயே சாணை பிடிக்கிற மின்சார இயந்திரம் வந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்காக வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மூன்று குடும்பம் சேர்ந்தால் யோசிக்கலாம், அப்போதும் அது 4 மில்லிமீட்டர் பிளேடை ஏற்குமா என்று பார்த்துவிட்டு.

ஒவ்வொரு சாணையிலும் கொஞ்சம் இரும்பு போகிறது. பிளேடின் உயரம் குறைந்து, காலைச் சாய்க்கும்போது பிளாஸ்டிக் ஐஸில் இடிக்கத் தொடங்கினால் மாற்ற வேண்டிய நேரம். இரண்டாவது ஜோடி வாங்கியபோதே அதையும் கணக்கில் எழுதிவிட்டேன். மண்டபத்து வீட்டில் கிடக்கிற அந்த நீலம் பாய்ந்த ஜோடியில் ஒன்றை அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். பாரை மீனுக்குச் செதில் சுரண்ட வாகாக இருக்கிறதாம்.